பத்தாவது எழுத்து

— மறுபடியும் முதல்லேருந்து வாசிண்ணா. மெதுவா. பத்தாவது எழுத்து வந்ததும் நிறுத்து.

— மூணு தடவை வாசிச்சாச்சு புரொபசர். வண்டியோட சேசிஸ் நம்பரு, எந்த மாடலு, ரெண்டுதானே ரேஸ் ஃபாரத்துல கேக்கறான்? டாப் மாடல்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது.

— நான் தப்பா குறிச்சிருக்கலாம். ரெண்டு வருஷமா சாயங்கால மெக்கானிக் கிளாஸுக்குப் போறேன், இன்னும் என் கண்ணை நானே நம்பறதில்ல.

— இடது கையால கிறுக்கினா எட்டும் ஆறாத்தான் தெரியும். சரி, எழுதிக்கோ தாயே. முன் கண்ணாடிக்குக் கீழ இருக்கற தகடு. முதல் ஏழு சரியா இருக்குன்னு பார்த்துட்டோம். எட்டாவது, ஆறு. ஒன்பதாவது, ரெண்டு. பத்தாவது, கே.

— எட்டாவது இடத்துல ஆறுன்னா பெரிய இன்ஜின், டாப் மாடல். கேன்னா ரெண்டாயிரத்துப் பத்தொன்பதுல வந்தது. இப்ப டிக்கியில ஸ்டெப்னிக்கு அடியில அதே நம்பரை அடிச்சிருப்பான், அதை வாசி.

— துரு ஏறிக் கிடக்கு. டார்ச்சை இப்படிப் பிடி. எட்டாவது, ஒண்ணு. பத்தாவது, எஃப்பு மாதிரி இருக்கு.

— ஈ இல்லயே?

— கீழ்க்கோடு இல்ல. எஃப்புதான்.

— நானும் அதைத்தான் எழுதியிருக்கேன். எஃப்னா ரெண்டாயிரத்துப் பதினஞ்சு. ஒண்ணுன்னா சின்ன இன்ஜின், பேஸ் மாடல். ஒரே வண்டி ரெண்டு தடவை பொறக்காதுண்ணா.

— பின்னாடி லேசா இடிச்சிருக்கும், டிக்கியை மட்டும் மாத்தியிருப்பாங்க. வித்தவரு எவ்வளவு சாது தெரியுமா? சாவியைத் துடைச்சுக் கொடுத்தாரு.

— பிரேக் டிஸ்க்கைப் பார்த்தியா? முன்னாடி சாப்பாட்டுத் தட்டு அளவு. பின்னாடி சாஸர் அளவு.

— நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு நான் ரேஸ் டிராக்ல நிக்கணும். உங்க அண்ணிகிட்ட பத்து நாள் கெஞ்சி சம்மதம் வாங்கியிருக்கேன். நீ ஒரு எழுத்தை வெச்சுக்கிட்டு இழுத்தடிக்கற.

— எவ்வளவு வேகம் போவ?

— இருநூறு. கொஞ்சம் மேல.

— ரெண்டு வண்டியை நடுவுல வெட்டி ஒட்டியிருந்தா, அந்த வேகத்துல முன்பாதி ஒரு பக்கம் போகும், பின்பாதி ஒரு பக்கம் போகும். சீட்டைக் கழட்டு. கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்துடலாம். ஒண்ணும் இல்லன்னா நானே டாப் மாடல்னு எழுதித் தரேன்.

— கழட்டியாச்சு. கார்ப்பெட்டையும் தூக்கியாச்சு.

— அடியில என்ன தெரியுது?

— பேசாம ஸ்க்ரூடிரைவரைக் கொடு. தார் மாதிரி எதையோ பூசி வெச்சிருக்கான். சுரண்டினாத்தான் தெரியும். ஏய், கோடு இருக்கு. இந்தக் கதவுலேருந்து அந்தக் கதவு வரைக்கும்.

— வெல்டிங்கா?

— வெல்டிங்தான். தையல் மாதிரி விட்டு விட்டுப் போட்டிருக்கு. எல்லாம் வழக்கத்துக்கு எதிர்ப்பக்கமா சாஞ்சிருக்கு.

— அப்புறம்?

— அப்புறம் என்ன, என் சீட்டுக்கு நேர் கீழ தகட்டைச் சுட்டு ஓட்டை போட்டுட்டு, ஒரு வாஷரை வெச்சு அடைச்சிருக்கான். எவனோ கத்துக்குட்டி. அவன் மட்டும் கைல கிடைச்சான்... ஏன் பையைக் குடையற?

— போன வருஷத்து நோட்டு.

— அதுலயா இந்த வண்டி இருக்கப் போகுது? உன் வாத்தியாருக்குப் போன் போடு. அவரு வந்து பார்க்கட்டும். தாங்கும்னு சொன்னா ஓட்டறேன். தாங்காதுன்னா ஃபாரத்தைக் கிழிச்சுப் போட்டுட்டு வீட்டுக்குப் போறேன்.

— அவரைக் கூப்பிட வேண்டாம்ணா.

— ஏன்? ஊருக்கெல்லாம் அவரு புகழைப் பாடுவியே.

— வெல்டிங் பரீட்சைக்கு ரெண்டு பாதி கார் பாடி கொண்டு வந்தாரு. பெயின்ட் கிடையாது, சீட் கிடையாது, வெறும் தகடு. என்ன வண்டின்னே தெரியல. கண்காட்சியில நிக்கப் போறது, ஓடாதுன்னு சொன்னாரு.

— யாருகிட்ட சொன்னாரு?

— என்கிட்ட. வாஷர் வெச்சதுக்கு ரெண்டு மார்க் குறைச்சு, பத்துக்கு எட்டு போட்டாரு.