பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்

— கத்தாதீங்க சார். நீங்க கத்தினா அவங்க இன்னும் பயந்துடுவாங்க.

— நான் கத்தவில்லை அம்மா. கத்துவது என் மனைவி. கதவுக்கு உள்ளேயிருந்து கத்துகிறாள். அது உங்கள் காதுவரைக்கும் வருகிறது.

— சரி சார். நான் கீதா. மறதி நோய் உதவி மையத்துலதான் இருக்கேன். லைனைக் கட் பண்ண மாட்டேன். முதல்லேருந்து நிதானமா சொல்லுங்க. நீங்க எங்க நிக்கிறீங்க?

— பெயர் பொன்னுரங்கம். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். செம்பாக்கத்தில் என் வீட்டு வாசலில் நிற்கிறேன். தண்ணீர் கேன் கொண்டுவந்தவர் மணி அடித்தார். வாங்குவதற்கு இரண்டடி வெளியே வந்தேன். அதற்குள் அவள் உள்ளே தாழ்ப்பாளைப் போட்டுவிட்டாள். அடுப்பில் பால் இருக்கிறது.

— அடுப்பு எரியுதா சார்?

— எரிகிறது. அதனால்தான் உங்களை அழைத்தேன். அடுப்பு எரியாமல் இருந்தால் படியில் உட்கார்ந்து காத்திருப்பேன். இந்த மாதத்தில் இது மூன்றாவது முறை.

— வாசல் தாழ்ப்பாளைக் கழட்டிடணும்னு எங்க மையத்து கிளாஸ்ல சொன்னோமே சார்.

— சொன்னீர்கள். குளியலறையில் கழற்றினேன். படுக்கையறையில் கழற்றினேன். வாசலில் மட்டும் கை வரவில்லை. தாழ்ப்பாள் இல்லாத வீட்டில் இவளை வைத்துக்கொண்டு எப்படிக் கண் மூடுவது? எழுந்து ஏரிப் பக்கம் நடந்துவிட்டால்? உங்கள் மையத்தில் கையேடு எழுதுகிறவர்கள் ஒரு வாரம் ஏரிக்கரையில் குடியிருந்து பார்த்துவிட்டு எழுதவேண்டும்!

— கோபம் நியாயம்தான் சார். அப்புறம் பேசலாம். பக்கத்துல யாராவது?

— பக்கத்து வீட்டு ஸ்ரீநிவாசராகவன் குடும்பத்தோடு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். எதிரில் அடுக்குமாடி. எட்டு வருடமாக எதிரெதிரே இருக்கிறோம். ஒருவர் முகம் தெரியாது. மகன் குமரவேல் கோவிலம்பாக்கத்திலிருந்து புறப்பட்டுவிட்டான். இந்த நேரத்தில் மேடவாக்கம் தாண்டவே அரைமணி ஆகும்.

— யாரு அது வாசல்ல? யாராண்ட பேசிகினு கீற?

— நான்தான், தாயாரு. கதவைத் திற.

— போய்யா! கேனு வோணாம். போன வாட்டி போட்ட தண்ணில மீன் கழுவின நாத்தம்.

— கேன்காரர் போய்விட்டார். நான் உன் வீட்டுக்காரன்.

— வூட்டுக்காரனா? தோ பாரு, பல்ல தட்டி கைல குட்த்துருவேன். அவரு பள்ளிக்கூடம் வுட்டு வர்ற நேரம். பெரம்போட வருவாரு, தெரியும்ல? உன் தோல உரிச்சி கொடில காயப் போடுவாரு.

— சார், 'நான்தான் வீட்டுக்காரன்'னு வாதாடாதீங்க. இப்ப அவங்க கண்ணுக்கு நீங்க வேற ஆள். அவங்க பொய் சொல்லல. அவங்களுக்கு அதுதான் நிஜம். சாயங்காலம் ஆக ஆக இந்தப் பயம் ஜாஸ்தியாகும்.

— தெரியும் அம்மா. ஐந்தரை மணி ஆனால் நானே கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறேன்.

— சமையல்கட்டுக்கு ஜன்னல் இருக்கா? அந்தப் பக்கம் போக முடியுமா?

— பக்கச் சந்தில் இருக்கிறது. போகிறேன்... வந்துவிட்டேன். கம்பி போட்ட சன்னல். ஒரு கதவு மட்டும் பாதி திறந்திருக்கிறது. அடுப்பு தெரிகிறது, என் கை எட்டாது. சிலிண்டரும் உள்ளே, அடுப்புக்குக் கீழேதான். அவள் பாலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள்.

— ஐயய்யோ! சன்னல்ல ஒரு மூஞ்சி! கருப்பா கீதே!

— சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. பின்னாடி வெளிச்சம் இருந்தா உங்க முகம் தெரியாது, நிழல் மாதிரிதான் தெரியும். பக்கவாட்டுல நின்னு, பேர் சொல்லி, மெதுவா பேசுங்க.

— தாயாரு. பயப்படாதே தாயாரு. உன்னை யாரும் ஒன்றும் செய்யமாட்டார்கள். உன் பின்னால் பால் காய்கிறது. அடுப்பை மட்டும் அணைத்துவிடு.

— எம் பேரு உனுக்கு எப்டித் தெரியும்?

— எனக்குத் தெரியாதா? உன் அப்பா வைத்த பெயர்.

— எங்க வூட்டுக்காரரே அந்தப் பேர சொன்னதில்ல. நாப்பத்தெட்டு வருசம். ஒரு வாட்டி வாயத் தொறந்து சொன்னதில்ல. நீ யாருய்யா சொல்றதுக்கு?

— சார்? அவங்க சொல்றது நிஜமா?

— நிஜம். எங்கள் குடும்பங்களில் அப்போது அப்படித்தான். 'ஏய்' என்பேன். பிள்ளைகள் பிறந்தபிறகு அதுவும் தேவைப்படவில்லை. தொண்டையைக் கனைத்தால் வந்து நிற்பாள். பெயரைச் சொல்லுங்கள், குரலைத் தாழ்த்துங்கள் என்று நீங்கள் தை மாத வகுப்பில் சொன்னீர்கள். எழுபத்தாறு வயதில் பாடம் படித்துக்கொண்டு வந்து அன்று இரவே சொன்னேன். அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும்.

— பயந்துட்டாங்களா?

— மறுநாள் குமரவேலிடம், 'வீட்டுக்குள் யாரோ ஒரு கிழவன் திரிகிறான், என் பேரெல்லாம் தெரிகிறது' என்றாளாம். அன்றைக்கு ஆரம்பித்தது இந்தத் தாழ்ப்பாள்.

— இதை ஏன் சார் எங்ககிட்ட சொல்லல?

— நீங்கள் கேட்கவில்லை. நானும்... பொங்குகிறது அம்மா. பால் பொங்குகிறது. தாயாரு! திரும்பிப் பார்! அடுப்பைப் பார்!

— நான் திரும்புவேன், நீ உள்ள பூந்துரலாம்னு பாக்கறியா? நானா ஏமாறுவேன்?

— வழிந்துவிட்டது. அணைந்துவிட்டது.

— அணைஞ்சிடுச்சா? அப்பாடா.

— என்ன அப்பாடா? நெருப்புத்தான் அணைந்தது. குமிழ் திறந்தபடி இருக்கிறது. இங்கேவரைக்கும் கேஸ் நாற்றம் வருகிறது.

— சார், நல்லா கேளுங்க. காலிங் பெல்லைத் தொடாதீங்க. போன்லயும் எதையும் அமுக்காதீங்க. ஜன்னலை விட்டு தள்ளி வாங்க. தீபா, உன் சீட்லேருந்தே தீயணைப்புக்குப் போன் போடு, செம்பாக்கம் அட்ரஸ் என் ஸ்கிரீன்ல இருக்கு! சார், மெயின் ஸ்விட்ச் வீட்டுக்கு வெளிய இருக்கா?

— வாசல் பக்கம், மீட்டர் பெட்டியில். சமையலறைக்கு நேர் எதிர்ப்புறம்.

— அதை அணைச்சிடுங்க. உள்ள ஃபிரிட்ஜ் ஓடிட்டிருக்கும். அவங்க லைட் ஸ்விட்ச் போட்டாலும் ஆபத்து.

— இதோ... அணைத்துவிட்டேன். திரும்பச் சந்துக்குப் போகிறேன்.

— தீயணைப்பு வண்டி கிளம்பிடுச்சு சார். கேம்ப் ரோடு டிராஃபிக்தான், அஞ்சாறு நிமிஷமாவது ஆகும்ங்கறாங்க. அவங்க என்ன பண்றாங்க?

— கரண்டு பூட்ச்சி. இன்னா இருட்டு இது. வெளக்கு வைக்கிற நேரத்துல பூட்ச்சி பாரு.

— அம்மா. கேட்டீர்களா?

— கேட்டுச்சு சார். வீட்ல தீப்பெட்டி இருக்கா?

— உங்கள் கையேட்டைப் படித்துவிட்டு எல்லாவற்றையும் எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். ஒன்றுகூட வெளியில் இல்லை. லைட்டர்கூட என் சட்டைப் பையில்தான்.

— எங்க வச்சேன்? திருட்டுப் பய எடுத்துருவான்னு அரிசி டப்பாலதான பொதச்சி வச்சேன்.

— அரிசி டப்பா! அம்மா, அவள் அரிசி டப்பாவைத் திறக்கிறாள். நாங்கள் குடிவந்த நாளிலிருந்து ஒரு சாயங்காலம்கூட விளக்கு ஏற்றாமல் இருந்ததில்லை. என் பெயர் மறந்தது, பிள்ளைகள் பெயர் மறந்தது, அது மறக்கவில்லை. தாயாரு, வேண்டாம்! இன்றைக்கு விளக்கு வேண்டாம் தாயாரு!

— வெளக்கு வைக்க வோணாமாம்ல. எந்த ஊரு ஆளுய்யா நீ? இந்த நாத்தம் வேற கொமட்டுது. வெளக்கு வச்சா சரியாப் பூடும்.

— கெடச்சுதா சார்? கையில எடுத்துட்டாங்களா?

— எடுத்துவிட்டாள். விளக்கைத் தேடுகிறாள். அலமாரியில் இருக்கிறது. இரண்டு எட்டு வைத்தால் போதும்.

— சார், யோசிங்க. இந்த உலகத்துல யார் சொன்னா அவங்க உடனே கேப்பாங்க? அம்மாவா, அண்ணனா? எந்தக் குரலா இருந்தாலும் பரவால்ல.

— ஒரு குரல் இருக்கிறது.

— யாரோடது? போன்ல பிடிக்கலாமா?

— என்னுடையது. பழைய குரல். அவளுக்கு இந்த நோய் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு விட்டுவிட்டேன். மறுபடி அதை எடுப்பதில்லை என்று எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டேன்.

— எடுங்க சார். இப்பவே எடுங்க.

— உங்களுக்குப் புரியவில்லை அம்மா. பள்ளிக்கூடத்தில் பிரம்பால் எனக்கு இருந்த பெயர், வீட்டுக்குள் வரும்போது வாசலோடு நிற்கவில்லை. அந்தக் குரல் தனியாக வராது. அது கேட்டால் பின்னாலேயே என்ன வரும் என்று அவள் உடம்புக்குத் தெரியும்.

— வெளக்கு கெடச்சிட்ச்சி. திரி இன்னா இப்டி காஞ்சி கீது...

— சார்! நேரமில்ல சார்!

— ஏய்!

— ஆங்?

— ஏய்! இன்னாடி பண்ணிகினு கீற அங்க?

— ஒன்னும் இல்லீங்க... வந்துட்டீங்களா? வெளக்கு வைக்கலாம்னு...

— யாரக் கேட்டு வைக்கிற? போடு கீழ! தீப்பெட்டிய கீழ போடு!

— போட்டுட்டேங்க. போட்டுட்டேங்க.

— கால்ல தள்ளு. தூரமா தள்ளு. அடுப்பாண்ட போ. பால் பாத்திரத்துக்கு நேரா கீற குமிழப் புடி. திருப்பு. அந்தாண்ட இல்ல, இந்தாண்ட. இன்னும். நிறுத்தாத, முழுசா திருப்பு!

— திருப்பிட்டேங்க. இறுகிட்ச்சிங்க.

— சன்னல் கதவ ரெண்டையும் தொற. லைட்டு சுச்ச தொட்ட, கைய முறிச்சிடுவேன். அப்டியே நடந்து வா. வாசக் கதவ தொற.

— வரேங்க. தோ வந்துட்டேங்க. கோச்சிக்காதீங்க.

— சார்... பேசினது நீங்களா?

— நான்தான் அம்மா. வாசலுக்கு ஓடிக்கொண்டிருக்கிறேன். கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்காதீர்கள்.

— தாப்பாள் வரமாட்டேங்குதுங்க.

— மெதுவாக இழு. மேலே தூக்கி இழு. ஆங், அப்படித்தான்.

— தொறந்துட்டேங்க.

— வெளியே வா. இந்தப் படிக்கு வா. நாற்றத்தில் நிற்காதே. மூச்சு முட்டுகிறதா?

— இல்லீங்க.

— கையை எதற்கு நீட்டிக்கொண்டு நிற்கிறாய்?

— பால பொங்க வுட்டுட்டேங்க.

— மடக்கு. கையைக் கீழே போடு.

— கரண்டு நான் நிறுத்தலீங்க. அது தானா பூட்ச்சி. பாலு மட்டும் என் தப்புங்க.

— உன் தப்பு இல்லை. அடுப்பில் வைத்தது நான். மறந்து வெளியே வந்ததும் நான். கையை மடக்கு என்கிறேன்.

— சோத்துக் கைல வோணாங்க. காலைல ஒல வைக்கணும். இந்தக் கைல போட்டுக்கோங்க. போன வாட்டி அழுதேன், இந்த வாட்டி அழ மாட்டேன்.

— சார், லைன்ல இருக்கீங்களா? அவங்க வெளிய வந்துட்டாங்களா?

— வந்துவிட்டாள். குமிழை மூடிவிட்டாள். கதவும் சன்னல்களும் திறந்திருக்கின்றன. தெருமுனையில் தீயணைப்பு வண்டிச் சத்தம் கேட்கிறது.

— ரொம்ப நல்ல காரியம் பண்ணீங்க சார். உயிரைக் காப்பாத்திட்டீங்க. இப்ப அவங்க பக்கத்துல உக்காந்து, கையைப் பிடிச்சுக்கோங்க.

— பிடிக்க முடியவில்லை அம்மா. நீட்டிய கையை அவள் இன்னும் மடக்கவே இல்லை.

— ஏங்க.

— சொல்.

— இன்னொன்னு சொல்லிடணும். அப்பறம் தெரிஞ்சா அதுக்கு வேற கோச்சிப்பீங்க. நீங்க வர்றதுக்கு முன்னாடி, ஒரு பெரியவரு சன்னலாண்ட நின்னுகினு இருந்தாரு.

— யார்?

— தெரியலீங்க. நான் பேசக் கூட இல்ல, வெரட்டத்தான் வெரட்டினேன். அவரு திட்டவே இல்ல. 'தாயாரு, தாயாரு, பயப்படாத'ன்னு எம் பேரச் சொல்லி கூப்ட்டுகினே இருந்தாரு. உங்க சத்தம் கேட்ச்சி பாருங்க, அதோட ஆளக் காணோம். பாவம்.

— அவர்... மறுபடி வருவார் என்று நினைக்கிறாயா?

— நாளைக்கு உங்களுக்குப் பள்ளிக்கூடம் உண்டுங்களே? நீங்க அப்பால போனதும் அவரு வந்தா, இந்த வாட்டி தாப்பாள் போட மாட்டேங்க.