பத்தாம் நம்பரைக் காணோம்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் உபதலைவர் இராமையா அண்ணன் அவர்களே, மேடையில் ஒரே பெஞ்சில் நெருக்கியடித்து அமர்ந்திருக்கும் பெரியவர்களே, மழைக்கு முன் வீடு போய்ச் சேர வேண்டுமே என்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே, சைக்கிள் சங்கத்து நண்பர்களே, வணக்கம்.

நிதானமாகப் பேசச் சொன்னார்கள். முடியவில்லை. காரணம் இந்த மேசையில் இருக்கிறது. மறைந்த எங்கள் சங்கத் தலைவர், ஃபிட்டர் பாஸ் செல்லசாமி அவர்களின் படத்துக்கு முன்னால், போல்ட்டுத் திருகும் அவருடைய அலன் கீ சாவிகளையும் நட்டுத் திருகும் சொக்கட்டுகளையும் தாம்பாளத்தில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் இட்டிருக்கிறார்கள். பார்க்கப் பார்க்க எனக்குக் கை துறுதுறுக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

செல்லசாமி பாஸ் யார்? தேயிலை பாக்டரியில் இயந்திரம் திருத்தியவர். ஓய்வு பெற்றபின் தோட்டத்துச் சைக்கிள்களை எல்லாம் திருத்தியவர். இந்த மேட்டிலும் பள்ளத்திலும் எவன் சைக்கிள் ஓட்டுவான் என்று ஊரே சிரித்தபோது சங்கம் அமைத்தவர். சைக்கிள் ஏறவே தெரியாத என்னை அதற்குச் செயலாளராக்கியவர். "நீ ஓட்டப்போறதில்ல அழகுமுத்து, ஒன் சைக்கிள நான் திருத்தவும் வேண்டியதில்ல" என்று அதற்குக் காரணமும் சொன்னவர்.

அவர் அடக்கமானவர் என்று எனக்கு முன்னால் பேசியவர் சொன்னார். அது எந்தச் செல்லசாமியோ, எனக்குத் தெரியாது. நம் பாஸ், தன் வேலையைப் புகழ ஆள் கிடைக்காவிட்டால் தானே புகழ்ந்துகொள்வார். அடுத்த லயத்து வீடுகளுக்கும் கேட்கிற மாதிரி.

ஆனால் சாவி வாங்கப் போனால் ஆளே வேறு. சைக்கிள் போல்ட்டுகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் ஹட்டன் டவுனுக்குப் புறப்படுவார். கடையில் ஒவ்வொரு சாவியையும் போல்ட்டில் மாட்டி ஆட்டிப் பார்ப்பார். ஆடினால் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஒருநாள் கடை முதலாளி பொறுமை இழந்தார்.

"பெரியவரே, இந்தப் பெட்டிய கொண்டு போங்க. நூத்தியெட்டு சாமான் இருக்கு."

"நூத்தியெட்டு அர்ச்சனைக்கு சரிப்பா. சைக்கிளுக்கு நாலு எம்எம், அஞ்சு, ஆறு, அப்புறம் ஒரு எட்டு. அத நல்ல இரும்புல குடு, போதும்."

சொக்கட்டிலும் அப்படித்தான். உள்ளே பன்னிரண்டு மூலை உள்ளதை நீட்டினார்கள். பாஸ் தொடவே இல்லை. "நட்டுக்கு ஆறு மூலை. ஆறு மூலை சொக்கட்டுதான் அத இறுக்கிப் புடிக்கும். இது ரெண்டு குடும்பக்காரன் மாதிரி, எங்கயும் உருப்படியா நிக்காது" என்றார். அதைக் கேட்டு முதலாளியின் முகம் ஏன் சிவந்தது என்பதை இரங்கல் மேடையில் சொல்ல முடியாது. பிறகு தேநீர் தரும்போது என் பக்கம் வாருங்கள்.

மழைக்காலத்தில் ஒருநாள் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"அழகுமுத்து, பத்தாம் நம்பர காணோம். ஒடனே ஓடியா."

நம் தோட்டத்தில் ஒவ்வொரு தேயிலை மலைக்கும் ஒரு நம்பர். பத்தாம் நம்பர் மலை நம் லயங்களுக்கு நேர் மேலே. வெளியே விடாத மழை. வேறு என்ன நினைப்பேன்? "பத்தாம் நம்பர் சரிஞ்சிருச்சு, ஓடுங்க" என்று லயம் லயமாகக் கத்திக்கொண்டு ஓடினேன். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, ஆட்டை இழுத்துக்கொண்டு, டிவியைத் தலையில் வைத்துக்கொண்டு எல்லோரும் கோயிலடிக்கு ஓடினார்கள். அங்கிருந்து திரும்பிப் பார்த்தால் மலை இருந்த இடத்திலேயே இருக்கிறது. பாஸ் அவர் வீட்டு வாசலில் சாக்கைத் தூக்கித் தேடிக்கொண்டிருக்கிறார். எல்லோரும் அவரிடம் ஓடினோம்.

"பத்தாம் நம்பர் சொக்கட்டுதான்டா காணோம். மலைய நானா எடுத்து வச்சிருந்தேன், காணாம போக?"

என்னை அடிக்க வந்தார்கள். "நல்லா போடுங்க. ஆனா மொதல்ல சொக்கட்ட தேடுங்க" என்றார் அந்தப் புண்ணியவான். கடைசியில் அது எங்கே இருந்தது தெரியுமா? கழற்றப்போன நட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தது. அவ்வளவு பொருத்தம்.

அதே பத்தாம் நம்பர்தான் இப்போது இந்தத் தாம்பாளத்தில், குங்குமத்தோடு.

நான்காவது வரிசையில் நம் முன்பள்ளி ஆசிரியை லோஜினி உட்கார்ந்திருக்கிறார். வாசலில் நிற்கும் அவருடைய சைக்கிளில் முன் பிரேக் கம்பியைப் பிடிக்கிற நட்டு தளர்ந்திருக்கிறது. கூட்டம் முடிந்ததும் பாக்டரிக்குக் கீழே உள்ள வளைவில் அவர் இறங்க வேண்டும். கூட்டத்துக்கு முன்பே வந்து இந்தச் சொக்கட்டைக் கேட்டார். இராமையா அண்ணன் என்ன சொன்னார்?

"அதுல கைய வைக்கக்கூடாதும்மா. நாளைக்கு கண்ணாடிப் பெட்டியில வைக்கிறோம். வேணும்னா என்கிட்ட பதினொன்னு இருக்கு, கிட்டத்தட்ட சரியா வரும்."

அண்ணே, பதினொன்றைப் போட்டுத் திருகினால் நட்டின் மூலைகள் தேய்ந்துவிடும். அப்புறம் பத்தும் பிடிக்காது. அந்த வளைவில் கிட்டத்தட்டப் பிடிக்கிற பிரேக்கை நம்பி நீங்கள் இறங்குவீர்களா? பாஸ் ஆயுள் முழுக்கச் சண்டை போட்டது இந்தக் கிட்டத்தட்டவோடுதானே?

அதனால் மேடை ஏறுமுன் பாஸின் மனைவி ராசம்மா அக்காவிடம் போனேன். கணவரை இழந்து உட்கார்ந்திருப்பவரிடம் எப்படிக் கேட்பது என்று வார்த்தையை மென்றேன். அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தாளுக்கு மாலை போட்டீங்க, சரி. சாவிக்கு எதுக்கு பொட்டு? அதுகளா செத்துப் போச்சு?"

எத்தனையோ இரங்கல் உரை கேட்டிருக்கிறேன். இதற்கு மேல் ஒன்று கேட்டதில்லை.

ஆகவே, செல்லசாமி பாஸ் அவர்களே, உங்கள் படத்தின் முன் உறுதி சொல்கிறோம். உங்கள் சாவிகள் சங்க அறையில் எல்லோர் கைக்கும் எட்டும்படி இருக்கும். யாரும் எடுக்கலாம், எடுத்தவர் வைத்துவிட வேண்டும். கண்ணாடிப் பெட்டி வாங்கியாகிவிட்டது என்றால், சைக்கிள் ஏறத் தெரியாத செயலாளரை அதற்குள் வையுங்கள்.

இதோ, குங்குமத்தை என் வேட்டியிலேயே துடைத்துவிட்டேன். லோஜினி, வாங்கம்மா. நீங்கள் நட்டை இறுக்கி முடிக்கும்வரை நாங்கள் எழுந்து மௌனமாக நிற்கிறோம். அந்தச் சத்தம் மட்டும் அவருக்குக் கேட்கட்டும்.

முடிந்ததும் சொக்கட்டை நட்டின் மேலேயே விட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். இன்னொரு தடவை என்னால் இந்தச் சனங்களைக் கோயிலடிக்கு ஓட்ட முடியாது.