மணப்பெண் பூப்பறிக்கப் போயிருக்கிறாள்

— பொய் சொல்லாதே பெஹ்ராங். தயிர்க் கம்பெனியில வேலை பார்க்கிறவன், கட்டிக்கப்போற பொண்ணு வீட்டுக்கு ஒரு கிண்ணம் தயிராவது கொண்டு வந்திருக்க மாட்டானா?

— மெதுவா பேசு குல்நார்! நம்ம தலைக்கு மேல சடங்குத் துணியைப் பிடிச்சு, அதுல சர்க்கரைக் கட்டியைத் தேய்ச்சுக்கிட்டு உன் அத்தைங்க நிக்கிறாங்க. ஐயோ, தூள் கண்ணுல விழுது!

— விழட்டும். ‘சுத்துற மெஷின்’னியே, அது என்ன?

— பால்லேருந்து வெண்ணெய் பிரிக்கிறது!

— இஸ்ஃபஹான் பாலைவனத்துல, வெண்ணெய்க்கா வாசல்ல காவல், பை சோதனை? யுரேனியத்தையும் சுத்தித்தான் பிரிப்பாங்களாம். அணுகுண்டு செய்யறவனுக்கு நான் கழுத்தை நீட்ட மாட்டேன்.

— குல்நார், பெஹ்ராங்கைக் கணவனா ஏத்துக்கச் சம்மதமாம்மா?

— காஜி ஐயா, மணப்பொண்ணு பூப்பறிக்கப் போயிருக்கா!

— அத்தை வழக்கப்படி சொல்லிட்டாங்க. மூணாவது தடவை நீதான் சரின்னு சொல்லணும், ஞாபகம் இருக்கில்ல?

— நான் நிஜமாவே போயிட்டேன்னு வச்சுக்கோ. சோபாவுல என் மாமாங்க என்ன சண்டை போடறாங்க, கேளு.

— காது கிழியுதே! நம்ம அரசாங்கத்தோட குண்டு ஆசையை அடக்கப் பொருளாதாரத் தடையே போதும்னு பெரியவர். போர் வந்தாத்தான் அடங்கும்னு சின்னவர். பிஸ்தா தட்டு காலி.

— நான் முதல்ல தடை போடறேன். வேலையை விடு, சம்மதம் தரேன்.

— தடையெல்லாம் சும்மா! உதிரி பாகம் வராதுன்னாங்க, எங்க மெஷினுக்கு நாங்களே செஞ்சுக்கிட்டோம்.

— பார்த்தியா, ஒத்துக்கிட்ட!

— ரெண்டாவது தடவையா கேக்கறேன், சம்மதமா?

— மணப்பொண்ணு பன்னீர் கொண்டுவரப் போயிருக்கா!

— அடுத்தது போர்தான். எந்திரிச்சுப் போயிடுவேன்.

— வேண்டாம்டி! போர்னா இந்தக் கண்ணாடி, மெழுகுவத்தி, எங்கம்மா மனசு, எல்லாம் சேர்ந்து உடையும். சரி, வேலையை விட்டுடறேன்.

— வாய்ச்சொல் செல்லாது. கண்ணால பார்க்கணும். போனை எடு, மேனேஜருக்கு எழுது.

— ‘இனி வேலைக்கு வரமாட்டேன்.’ அனுப்பிட்டேன், பாரு. நீ இல்லாம எனக்கு எந்த மெஷினும் சுத்தாது, பைத்தியக்காரி.

— மூணாவது தடவை, கடைசியா கேக்கறேன்...

— அப்பா அம்மா, பெரியவங்க அனுமதியோட, சம்மதம்!

— குலவை போடுங்கடி! தம்பி பெஹ்ராங், உன் கம்பெனி லாரி வந்திருக்குடா. கல்யாணத்துக்குன்னு உங்க மேனேஜர் லாரி நிறைய மோர் அனுப்பியிருக்கார். எங்க இறக்கச் சொல்லட்டும்?

— மோரா? உன் அக்கா என்ன சொல்றாங்க? அப்ப உங்கிட்ட... குண்டே இல்லியா?

— இல்லவே இல்ல, ராசாத்தி. காவலும் பை சோதனையும் வெண்ணெய் திருடு போகாம இருக்கத்தான். இருந்தது ஒரே ஒரு வேலை. அதைத்தான் நீ இப்ப தகர்த்துட்ட.