ஆசா ராஜாவின் கால்கள்

இந்தப் பொலிஸ் நிலைய அறையில் ஹீற்றர் நன்றாக வேலை செய்கிறது. எங்கள் அப்பார்ட்மென்டில் இந்த மாசி முழுக்கக் கோட்டோடுதான் இருந்தோம்.

மொழிபெயர்க்க வந்திருக்கும் மயூரியை நீங்கள் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அந்தப் பிள்ளையின் தமிழில் ஒரு குறையும் இல்லை. ஆனால் இடையில் ஒருவர் நின்றால் என்னென்ன நடக்கும் என்பது என்னைவிடத் தெரிந்தவர் இந்த ரொறன்ரோவில் இருக்க மாட்டார். நான் தமிழிலேயே எழுதித் தருகிறேன். ஆறுதலாக வாசித்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் நேசராசா. ஊரில் ஆங்கிலமும் வேதபாடமும் படிப்பித்தேன். இங்கே மல்வேர்ன் பகுதியில் எல்லோருக்கும் நான் மாஸ்ரர். ஆங்கிலம் தெரியாத சனத்தை டொக்டரிடமும் லோயரிடமும் கூட்டிப்போய், அவர்கள் சொல்வதை இவர்களுக்கும் இவர்கள் சொல்வதை அவர்களுக்கும் சொல்வேன். எட்டு வருடமாக இதுதான் என் ஊழியம்.

நீங்கள் கேட்பது, போன மாதம் இறந்த பாஸ்ரர் அருள்நாயகத்தின் காலைப் பற்றி. அதற்கு முதல் ஆசா ராஜாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். யூதா தேசத்து ராஜா. தொடக்கத்தில் நல்லவன், விக்கிரகங்களை உடைத்தவன். ஆட்சி நிலைத்ததும் தலைக்கனம் ஏறிவிட்டது. கண்டிக்க வந்த தீர்க்கதரிசியைப் பிடித்துக் காவலில் போட்டான். பிறகு அவன் கால்களில் கடும் வியாதி வந்தது. அப்போதும் கர்த்தரைத் தேடாமல் வைத்தியர்களைத் தேடினான், செத்துப்போனான். புதன்கிழமை வேதவகுப்பில் ராஜாக்களை என்னைப்போல் ஒருவரும் படிப்பித்ததில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை.

சபையை நானும் அருள்நாயகமும்தான் தொடங்கினோம். அவர் வீட்டு பேஸ்மென்டில் பதினொரு பேர். சும்மா சொல்லக்கூடாது, அந்த மனிசன் ஜெபித்தால் கேட்கிறவர்களுக்குக் கண்ணீர் வரும். பிறகு சனம் சேர்ந்தது. பள்ளிக்கூட மண்டபம் ஒன்றை எடுத்தோம். மேடைக்கு உயர்ந்த முதுகுள்ள நாற்காலி வந்தது. அதில் அவர் மட்டும்தான் இருப்பார். 95 மார்கழியில் சபையின் ஆண்டு விழாவுக்குப் பளபளவென்று புதுச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வந்தார். நான் ஒரு பக்கம் கூப்பிட்டுச் சொன்னேன்.

“அருள், தலைகால் தெரியாமல் ஆடுறியள். கர்த்தர் பாத்துக்கொண்டுதான் இருக்கிறார்.”

அவர் நேரே மேடையேறி மைக்கைப் பிடித்தார். “மாஸ்ரர் படிப்பிச்சுக் களைச்சுப்போனார். புதன்கிழமை கிளாசை இனி நானே எடுக்கிறன். சனமும் நித்திரை கொள்ளாது.”

முந்நூறு பேர் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். எனக்கு வந்தது பயம். ஒரு ராஜாவின் பெருமைக்காகச் சனம் கொள்ளைநோயில் செத்ததும் வேதத்தில் இருக்கிறது. முன்வரிசையில் குழந்தைகளும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் புதுச் சப்பாத்து அவருடைய சின்னவிரலைக் கடித்தது. சலரோகக்காரர், சீனி வியாதியால் கால் மரத்து நோ தெரியவில்லை. அவருக்கும் ஆங்கிலம் வராது, தை மாதம் நான்தான் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். விரலைக் கண்டதும் டொக்டரின் முகம் மாறியது. இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், விரலை எடுக்க வேண்டிவரும், தாமதித்தால் காலே போகும் என்றார். ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதமும் எழுதி என் கையில் தந்தார். அருள்நாயகம் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

“என்னவாம் மாஸ்ரர்? வெட்டோணுமாமோ?”

மைக் பிடிக்கிற கை என் முழங்கையை விடவே இல்லை. வைத்தியனைத் தேடி வந்த ஆசாவைத்தான் நான் அங்கே கண்டேன்.

“புண் காயுதாம். மருந்தைப் பூசிக்கொண்டு இருக்கட்டாம்,” என்றேன்.

கடிதத்தை வேதபுத்தகத்துக்குள் வைத்தேன். நான் அவரைத் தண்டிக்கவில்லை. கர்த்தர் கண்டிக்கிற இடத்தில் குறுக்கே நிற்காமல் விலகினேன், அவ்வளவுதான். பத்து நாள் கழித்து கிளினிக்கிலிருந்து போன் வந்தது. என் நம்பரைத்தான் கொடுத்திருந்தோம். அவர் ஆஸ்பத்திரிக்குப் போனாரா என்று கேட்டார்கள். போனார் என்றேன்.

கிளினிக்குக்குப் போய் மூன்றாம் கிழமை அவருடைய மனைவி மங்கையற்கரசி போனில் அழுதா.

“மாஸ்ரர், கால் கறுத்து மணக்குது. இவர் காய்ச்சலிலை அலட்டுறார். எனக்குப் பயமாக்கிடக்கு.”

“காயேக்கை அப்பிடித்தான் அக்கா இருக்கும். டொக்டர் சொன்னவர்தானே.”

போனை வைத்த பிறகு எனக்குப் பயம் பிடித்தது. சோறு இறங்கவில்லை. காலையில் எழும்பியதும் முதல் வேலையாக என் கால்விரல்களை விரித்து விரித்துப் பார்த்தேன். கர்த்தருக்கு அவ்வளவு பயந்த ஒருவனைக் குற்றவாளி என்று எப்படிச் சொல்வீர்கள்?

அடுத்த நாள் அவ என்னைக் கேட்காமலே அம்புலன்சைக் கூப்பிட்டுவிட்டா. நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பிற்பகல் மூன்று மணிக்கு அவ பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தால் கூட்டிவரப் போனா. கட்டிலடியில் நானும் ஒரு பெண் டொக்டரும்தான். முழங்காலுக்கு மேலே உடனே எடுத்தால் பிழைப்பார், இல்லையென்றால் நாளையைத் தாண்டமாட்டார் என்று டொக்டர் சொன்னார். கிளினிக்கோடு பேசியிருந்தார்போல, பிறகு இன்னொன்றும் கேட்டார். மூன்று கிழமைக்கு முன்பே வரச் சொல்லியும் ஏன் வரவில்லை என்று இவரிடம் கேளுங்கள் என்றார்.

முதலாவதை மட்டும் அருள்நாயகத்திடம் சொன்னேன். ஒரு சொல்கூட மாற்றவில்லை.

“எடுக்கட்டும் மாஸ்ரர்,” என்றார். “கால் போனாப் போகட்டும். எனக்குச் சாகப் பயமாக்கிடக்கு. நான் பெருமை பிடிச்சுத்தான் போனன். உங்களைச் சனத்துக்கு முன்னாலை பகிடி பண்ணினன். எழும்பி வந்து அதே மேடையிலை மன்னிப்புக் கேக்கிறன். புதன்கிழமை கிளாஸ் உங்கடைதான்.”

ஆகாப் என்ற ராஜா ஆசாவைவிட எவ்வளவோ கெட்டவன். அவனே சாக்கை உடுத்தித் தன்னைத் தாழ்த்தியபோது கர்த்தர் மனமிரங்கித் தண்டனையைத் தள்ளிவைத்தார். அது எனக்குத் தெரியாததல்ல. அந்த அதிகாரத்தை மூன்று தரம் படிப்பித்திருக்கிறேன். கண்டிப்பு அந்த இடத்தில் முடிந்துவிட்டது.

ஆனால் டொக்டர் இரண்டாவது கேள்விக்குப் பதிலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அருள்நாயகம் பிழைத்தால் அந்தக் கேள்வி என்றைக்கோ ஒருநாள் தமிழில் அவர் காதுக்குப் போகும். மண்டபத்தில் முந்நூறு பேரும் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். எனக்குப் பயம் வந்தது. அது கர்த்தருக்குப் பயப்படும் பயம்தான் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

கர்த்தர் குணமாக்குவார், வெட்ட வேண்டாம் என்கிறார் இவர், அன்றைக்கும் அதனால்தான் வரவில்லை என்று டொக்டரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். டொக்டர் என்னையும் அருள்நாயகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். போய், சிகிச்சையை மறுக்கும் பத்திரத்தை எடுத்துவந்து நீட்டினார். ஒப்பரேஷனுக்கான பத்திரம் என்று நினைத்து, அருள்நாயகம் அவசரமாகப் பேனையை வாங்கினார். எங்கே கையெழுத்து வைப்பது என்று என்னைத்தான் பார்த்தார். நான் அந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினேன்.