பத்தும் தொண்ணூறும்

— நாலு மணிக்குள்ள அப்பாவோட ஆபரேஷன் ஃபாரத்தக் குடுக்கணும்ணா. மணி மூணே முக்கால். இன்னும் பேனா மூடியக்கூட நீ திறக்கல.

— இந்த இதய ஆபரேஷன்ல நூறு பேருக்குப் பத்து பேர் மேஜையிலேயே போயிடுறாங்களாம். டாக்டர் வாயாலேயே சொன்னாரு, பாப்பா. பத்து பேர்.

— பக்கத்து பெட்காரருக்கும் இதே ஆபரேஷன்தான். அவங்க வீட்டுல ஒரே நிமிஷத்துல போட்டுக் குடுத்துட்டாங்க.

— அவங்களுக்குச் சொன்னது வேற ஒரு லேடி டாக்டர். தொண்ணூறு பேர் பிழைச்சு வீட்டுக்குப் போறாங்கன்னாங்களாம்.

— இப்ப நீ சொன்னத நீயே இன்னொரு தடவை சொல்லிப் பாரு.

— ஏன்?

— நான் கடையில ஐஸ்கிரீம் டப்பாவுக்குச் சீட்டு ஒட்டுறவ. 'பத்து சதவீதம் கொழுப்பு'ன்னு ஒட்டினா சீந்த ஆளிருக்காது. 'தொண்ணூறு சதவீதம் கொழுப்பில்லை'ன்னு ஒட்டினா மத்தியானத்துக்குள்ள காலி. உள்ள இருக்கறது ஒண்ணுதான்.

— கணக்கு எனக்கும் வரும்.

— அப்ப இந்தக் கணக்கையும் போடு. பண்ணாம விட்டா, பாதிப் பேர் அடுத்த மாசம் வரைக்கும் தாங்க மாட்டாங்க. இன்னிக்கு விட்டா, ஆபரேஷன் பண்றவரு அடுத்த மாசம்தான் திரும்ப வருவாரு.

— புரியுதுடி. ஆனா போடாம ஏதாவது ஆச்சுன்னா அது அப்பா தலையெழுத்து. போட்டு ஏதாவது ஆச்சுன்னா அது என் கையெழுத்து.

— அம்மாவ நினைச்சுத்தானே பேசுற?

— அம்மாவுக்கும் தொண்ணூறுன்னுதான் சொன்னாங்க. டீ குடிச்சுக்கிட்டே போட்டேன். சாயங்காலம் பொணமா வாங்கிட்டுப் போனோம்.

— அதுக்காக ஆறு வருஷமா பார்சல் வந்தாக்கூட அண்ணியக் கூப்பிட்டு கையெழுத்துப் போட வைக்கிற. எங்களுக்குத் தெரியாதுன்னா நினைச்ச? அப்பா ஒரு நாளாவது உன்னைக் குத்திக் காட்டியிருப்பாரா?

— அதான் தாங்கல. நாலு வார்த்தை திட்டியிருந்தா ஆறிப்போயிருக்கும்.

— சரி, இங்க குடு. நான் போடறேன்.

— வேண்டாம். இந்தப் பாரம் உனக்கு எதுக்கு? நானே போடறேன். எங்க போடணும்?

— இங்க. கீழயும் ஒண்ணு.

— ம். போட்டாச்சு. ஓடு.

— நீயும் வாண்ணா. சிஸ்டர், அஞ்சாம் நம்பர் பெட். கையெழுத்துப் போட்டாச்சு.

— அஞ்சா? உங்ககிட்ட யாரும் சொல்லலையா? அந்த ஆபரேஷனுக்கு வேற ஆளப் போட்டாச்சும்மா.

— அது எப்படி? இன்னும் நாலு ஆகலையே, சிஸ்டர்.

— உங்கப்பாவே மத்தியானம் எங்களக் கூப்பிட்டு, ஆபரேஷன் வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டாரு. நாங்க எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். டாக்டரும் அந்த ஆளுக்குப் பண்ண தியேட்டருக்குள்ள போயிட்டாரு.

— எதுக்கு? எதுக்கு அப்படி எழுதினாராம்?

— 'எனக்குப் பயமில்லம்மா. இன்னொரு தடவை என் பையன இந்தக் கையெழுத்துல மாட்டிவிட மாட்டேன்'னாரு.