கடைசி அத்தியாயம் கேட்டுப் போனது

நான் வாஷிங் மிஷின் பழுதுபார்க்கும் வேலை செய்கிறேன். வயது 36. மணமாகாதவன். பட்டறைக்கு மேல்மாடி அறையில் குடியிருக்கிறேன். கூட வேலை செய்கிறவர்கள் என்னைத் திருகாணி என்று கூப்பிடுவார்கள். கையில் காயம்பட்ட பெண்ணின் வீட்டுக்கு நான் போனது பற்றி விசாரித்ததில் சொல்வதாவது:

‘வானத்தோணி’ என்ற ஜப்பானியப் படக்கதைத் தொடரைப் பள்ளி நாளிலிருந்து படித்து வருகிறேன். அது இன்னும் முடிந்தபாடில்லை. அதில் கப்பலுக்கு ஒட்டுப்போடும் ஒருவனை ஆரம்பத்திலேயே ஒரு தீவில் இறக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள், அதன் பிறகு அவனைப் பற்றிப் பேச்சே இல்லை. அவன் என்ன ஆனான் என்று சொல்லும் கிளைநாவல் ஜப்பானிய மொழியில் மட்டும் வந்தது. ‘வால்நட்சத்திரம்’ என்ற பெயரில் ஒருவர் அதைக் காசு வாங்காமல் தமிழாக்கி எங்கள் வாசகர் குழுவில் அத்தியாயம் அத்தியாயமாகப் போட்டு வந்தார். என் பிழைப்பும் ஒட்டுப்போடும் பிழைப்பு என்பதால் அந்தக் கதைமேல் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. இந்த வயதில் இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, கேட்டதால் சொல்கிறேன்.

கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி இருக்கையில், அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, தாமதமாகும் என்று எழுதி, புத்தகத்தில் அந்த அத்தியாயத்தின் முதல் பக்கத்தை மட்டும் படமெடுத்துப் போட்டார். சாக்குச் சொல்கிறார் என்று குழுவில் குதித்தார்கள். அதன் பிறகு அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததில், புத்தகம் ஒரு வாஷிங் மிஷின்மேல் இருந்தது. வெள்ளை மிஷினில் கறுப்புக் குமிழ். வெள்ளைக் குமிழ் கைவசம் இல்லாமல் அதை மாட்டிக் கொடுத்தவன் நான்தான். வீடு எனக்குத் தெரியும் என்று குழுவில் பீற்றிக்கொண்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.

அதன் பிறகு குழுவிலிருந்து மூன்று பேர், நேரில் போய்க் கேட்டுவிடலாம் என்று என்னைக் கூப்பிட்டார்கள். அவர்களை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. "நீங்க முன்னாடி நில்லுங்க, உங்களைப் பார்த்தா திறப்பாங்க" என்றார்கள். வேலைப் பையை வேண்டுமென்றேதான் எடுத்துப் போனேன். அவர்கள் படிக்கட்டுத் திருப்பத்தில் மறைந்து நின்றார்கள். நான் மணி அடித்ததும் அந்தப் பெண் சிரித்தபடி கதவைத் திறந்து, "மிஷின் நல்லாத்தான் ஓடுது, நான் கூப்பிடலியே அண்ணா" என்றார். "கடைசி அத்தியாயம் எப்பம்மா வரும்?" என்றேன். அவர் முகம் வெளுத்துப்போனது. உடனே கதவைச் சாத்தப் பார்த்தார், பின்னாலிருந்தவர்கள் ஓடிவந்து தள்ளினார்கள், கதவு சுவரில் போய் மோதியது, இடையில் அவருடைய வலது கை மாட்டிக்கொண்டது. நிலையத்திலிருந்து போனில் கேட்டபோது நான் தள்ளவில்லை என்று சொன்னது பொய். நானும் தள்ளினேன்.

உள்ளேயிருந்து அவர் அம்மா, "யாரும்மா அது?" என்றார். அந்தப் பெண் கையை மார்போடு அணைத்துக்கொண்டு, "மிஷின் பார்க்கிறவரும்மா, இப்பப் போயிடுவாரு" என்று சாதாரணக் குரலில் சொன்னார். அதன் பிறகு எல்லாரும் ஓடினோம். மருத்துவமனைக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் பையை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டேன்.

இன்று காலை குழுவில் கடைசி அத்தியாயம் வந்தது. ஒற்றைக் கையால் அடித்தது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், தயவுசெய்து இனி யாரும் வீட்டுக்கு வராதீர்கள், அம்மா பயப்படுகிறார் என்று மேலே எழுதியிருந்தது. அதைப் படிக்க எனக்கு யோக்கியதை இல்லை என்று போனை அணைத்துவிட்டேன். அதன் பிறகு, போலீஸ் நிலையத்துக்கு வரும் பஸ்ஸில் அதைத் திறந்து ஒரு வரி விடாமல் படித்தேன். அந்தச் சுவாரஸ்யத்தில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், திரும்ப நடந்து வந்தேன். விசாரணைக்கு நான் தாமதமாக வந்ததற்குக் காரணம் அதுதான்.

யாரும் மிரட்டாமல் நானாகச் சொல்லி எழுதப்பட்டது. வாசிக்கக் கேட்டேன். எல்லாம் உண்மை, மாற்ற ஒன்றும் இல்லை.

(கையொப்பம்)