ஒரு கோடு, ரெண்டு சுவர்

சாப்பிட்ட மயக்கம் எல்லார் கண்ணுலயும் தெரியுது... ஒரு குட்டிக் கதைக்கு மட்டும் முழிச்சிருப்பீங்களா, சகோதரிகளே?

ஒரு வீடு. அண்ணன் பெண்டாட்டி ஞானப்பூ, தம்பி பெண்டாட்டி பெர்லின். இத்தனை வருஷமா ஒரே அடுப்பு. அந்த அடுப்புதான் பிரியப் போகுது! திங்கக்கிழமை கொத்தனார் வந்து சமையலறைக்கு நடுவுல சுவர் எழுப்பப் போறார். எதுக்கு? ஞானப்பூ விடியக்காலம் மீன் வாங்கத் தனியாப் போவா. பெர்லினைக் கூப்பிடவே மாட்டா. "என்னை இந்த வீட்டு ஆளாவே எண்ணல"ன்னு பெர்லினுக்கு ஆத்திரம். "பிரியணும்னா பிரியட்டுமே"ன்னு ஞானப்பூவுக்கு வீராப்பு.

அந்த நேரம் பாத்து ரெண்டு பேருக்கும் மெட்ராஸ் ஐ! சிரிக்காதீங்க... வந்தவங்களுக்குத் தெரியும் அந்த உறுத்தல். ஞானப்பூ வீட்டுக்காரர் ஒரே கடையில ஒரே மாதிரி ரெண்டு கறுப்புக் கண்ணாடி வாங்கிட்டு வந்தார். பைக் ஓட்டும்போது ரோட்டுப் பளபளப்பு கூசாம இருக்கப் போடுற கண்ணாடி. ஆளுக்கொண்ணை மாட்டி விட்டுட்டு, அண்ணனும் தம்பியும் வேலைக்குப் போயாச்சு.

சாப்பாட்டு மேசையில ரெண்டு பேர் மட்டும். எதிரும் புதிருமா இருந்தா முகத்தைப் பாக்கணுமே! அதனால பெர்லின் பக்கவாட்டு நாற்காலியில. மேசை மேல கொத்தனார் வரைஞ்ச தாள். சமையலறைக்கு ஒரு கட்டம், சுவருக்குன்னு அதுக்கு நடுவுல சின்னதா ஒரு பென்சில் கோடு. ஃபேன் காத்துக்குத் தாள் பறக்காம, அந்தக் கோட்டு மேலயே ஒரு கல். ஞானப்பூ வீட்டுக்காரர் வேலை பாக்குற சுண்ணாம்புக்கல் குவாரியில கிடைச்சது. சோப்புக்கட்டி அளவு, கண்ணாடி மாதிரித் தெளிவு.

பெர்லின் எட்டிப் பாத்தா. "ஏன்க்கா, கோட்டை என் பக்கமா நகத்தி வச்சிருக்கிய? அம்மி போடக்கூட எனக்கு இடம் இல்ல!"

"என்னட்டி உளறுத? நட்ட நடுவுல இருக்கு."

"எனக்கென்ன கண்ணா அவிஞ்சிட்டு?"

"பாதி அவிஞ்சுதான இருக்கு!"

பெர்லின் கல்லை எடுக்கப் போனா. "தொடாத! அழிச்சு வரைஞ்சிருவ. வேணும்னா என் நாற்காலியில வந்து இருந்து பாரு."

இடம் மாறுனாங்க. குனிஞ்சு பாத்தா... பெர்லினுக்குக் கோடு நட்ட நடுவுல! ஞானப்பூவுக்கு ஓரத்துல!

"எழும்புற சாக்குல சரி பண்ணிட்டியளே, கெட்டிக்காரிதான்!"

"நானா? நீதான்ட்டி தள்ளி வச்சிட்ட, என் மேல பழி போட!"

சண்டை தீந்துதா? கூடிச்சு!

கத்துன கத்துல கண்ணுல தண்ணி கொட்டி, எரிச்சல் தாங்கல. சொட்டு மருந்து விடணும். தனக்குத் தானே விட்டா கன்னத்துலதான் விழுது. வேற ஆளும் இல்ல. வேற வழியில்லாம கண்ணாடியைக் கழட்டுனாங்க...

"அக்கா... ரெண்டு கோடு தெரியுது."

"எனக்கும்தான்ட்டி. அப்ப ரெண்டு சுவரா கட்டப் போறோம்?"

பெர்லினுக்குச் சிரிப்பு அடங்கல. கல்லைத் தூக்குனா, கீழ ஒரே கோடு.

அப்புறம் பெர்லின் தலையை நிமித்திக் கண்ணைத் திறந்து காட்டுனா. ஞானப்பூ மருந்து விடுதா. அந்த நிலையிலயே பெர்லின் கேட்டுட்டா: "மீன் வாங்கப் போகையில ஏன்க்கா என்னைக் கூப்பிடல?"

"டியூஷன் பிள்ளைகளோட கத்திட்டு, பரீட்சைப் பேப்பரும் திருத்திட்டு அசந்து தூங்குத... எழுப்ப மனசு வரல."

"எழுப்பியிருக்கலாம்லக்கா..."

கண்ணுல மருந்து நிக்கல. வெளிய வந்துட்டு.

திங்கக்கிழமை கொத்தனார் வந்தார். ஒழுகுற தொட்டியைப் பூசிக் கொடுத்துட்டு, காப்பி குடிச்சிட்டுப் போனார்.

எதையும் சரிபாக்காம மேடைக்குக் கொண்டு வர மாட்டேன். அந்தக் கல்லை வாங்கி நானும் பாத்தேன். கால்சைட்டுன்னு பேராம். ஒளி அதுக்குள்ள நுழைஞ்சதும் ரெண்டாப் பிரியுது. ஒண்ணு நேரே வருது, ஒண்ணு ஒதுங்கி வருது. ஒண்ணோட அசைவு நெடுக்க, மத்ததோட அசைவு குறுக்க. அந்தக் கண்ணாடியோ ஒரு திசையில அசையுறதை மட்டும் உள்ளே விடும், மத்ததை மறிச்சிடும். பக்கவாட்டுல போய் உக்காந்தா, கண்ணாடியோட அந்தத் திசையும் கூடவே திரும்பிடும். அதான் நாற்காலிக்கு நாற்காலி வேற வேற கோடு. ஞானப்பூ பொய் சொன்னாளா? இல்ல. பெர்லின்? அவளும் இல்ல.

"அவ இடத்துல இருந்து பாரு"ன்னு புத்தி சொல்லுறோமே... பாத்தாங்களே, சகோதரிகளே! இடம் மாறி உக்காந்து பாத்தாங்களே! தீரலையே! ஏன்? நாற்காலி மாறிச்சு... கண்ணாடி மாறல. நம்ம கண்ணாடியோட அடுத்தவ இடத்துல போய் உக்காந்தா, அங்கயும் பாதிதான் தெரியும்.

கழட்டுறதுன்னா என்ன? கோவமா இருக்கிறவ முன்னால முகத்தை நிமித்திக் கண்ணைத் திறந்து காட்டுறது. லேசா அது? மருந்து அவ கையில... நம்ம கண்ணு அவ கையில. பயமாத்தான் இருக்கும். ஆண்டவர் அந்தப் பயத்தை அறிவார்.

இந்தக் கூட்டத்துலயே பேச்சை நிறுத்துனவங்க இருக்கீங்க. நான் பேர் சொல்ல மாட்டேன். அடுத்து ஜெபம். கண்ணை மூடுறதுக்கு முன்னால... எழும்பி அவகிட்ட போங்க. "நான் பாத்ததுதான் சரி"ன்னு சொல்லப் போகாதீங்க. "நீ பாத்ததைச் சொல்லு, கேக்குறேன்"னு சொல்லுங்க.

போங்க... நான் காத்திருக்கிறேன்.